கருவியின் வலியும் செலுத்துபவரின் அறமும்

ட்ரையல்ஸ் மோட்டார் சைக்கிள் ஓட்டத்தில் வேகத்துக்கு மதிப்பில்லை. பாறை, மரவேர், ஓடை, செங்குத்துக் கரை எனச் சில பத்து மீற்றர் நீளமுள்ள ஒரு துண்டுத் தரையைக் கால் ஊன்றாமல் கடப்பதே அந்த விளையாட்டு. ஒருமுறை கால் நிலத்தில் பட்டால் 1 புள்ளி, இருமுறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை முறை பட்டாலும் 3, விழுந்தாலோ எல்லை தாண்டினாலோ 5. புள்ளி குறைந்தவரே வென்றவர். என்டியூரோ ஓட்டத்தில் கணக்கு வேறு. காடு, மேடு, சேறு எதுவானாலும் குறித்த நேரத்துக்குள் ஒவ்வொரு பதிவிடத்தையும் எட்டிவிட வேண்டும். கால் எத்தனை முறை ஊன்றினாலும் கேட்பாரில்லை.

முதலாவதற்கென்று செய்த இயந்திரத்தை இரண்டாவதற்குக் கொண்டுபோகலாமா என்பது மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரிடையே பழைய கேள்வி. பிரித்துப் பார்த்தால், சமயமும் மெய்யியலும் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் ஒரு வினா அதற்குள் இருக்கிறது. கருவியின் தகுதி, செய்தவர் வகுத்த நோக்கத்தில் இருக்கிறதா, அது இயங்கும் இடத்தில் இருக்கிறதா, அதைச் செலுத்துபவரிடம் இருக்கிறதா? நிலமும் நீரும் பின்னிக் கிடக்கும் மட்டக்களப்பு வாவிக் கரையில் இந்த வினா ஏட்டில் மட்டும் இல்லை. அன்றாட வாழ்க்கையிலேயே எழுகிறது.

ஒரு வேர், இரு கிளை

இருவகை ஓட்டமும் ஒரே வேரில் கிளைத்தவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளை நம்பி நெடுந்தூரம் போகலாமா என்பதே ஐயமாக இருந்தது. அந்த ஐயத்தைத் தீர்க்கப் பிரித்தானியாவின் மலைவழிகளில் பலநாள் சோதனை ஓட்டங்கள் நடத்தப்பட்டன. ஸ்கொட்லாந்து மலைநாட்டில் 1909இல் தொடங்கிய ஓட்டம் அடுத்த சில ஆண்டுகளில் ஆறுநாள் ட்ரையல் என நிலைபெற்றது. 1913இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் சர்வதேச ஆறுநாள் ட்ரையல் தொடங்கியது. காலப்போக்கில் முன்னது நிதானத்தின் பக்கமும் பின்னது தூரத்தின் பக்கமும் சாய்ந்தன. பின்னது 1980 வரை ட்ரையல் என்ற பெயரையே தாங்கியிருந்தது; 1981இல்தான் ஆறுநாள் என்டியூரோ ஆனது. 1975இல் ட்ரையல்ஸுக்கும் 1990இல் என்டியூரோவுக்கும் தனித்தனி உலகப் பட்டப் போட்டிகள் வந்தன.

வழிகள் பிரிந்ததும் இயந்திரங்களும் பிரிந்தன. 1960களின் நடுவில் பெல்ஃபாஸ்ட் ஓட்டுநர் சமி மில்லரின் துணையோடு ஸ்பெயினின் புல்டாக்கோ நிறுவனம் செய்த ஷெர்பா என்ற எடை குறைந்த பைக், கனத்த பிரித்தானிய இயந்திரங்களின் காலத்தை முடித்துவைத்தது. இன்றைய ட்ரையல்ஸ் பைக்கின் எடை ஏறத்தாழ 70 கிலோ. உட்கார இருக்கை என்று சொல்லத்தக்க எதுவும் அதில் இல்லை. பெற்றோல் தாங்கி 2 முதல் 3 லீற்றர் கொள்ளும். ரயரில் காற்று மிகக் குறைவாக இருக்கும். பாறையில் ஏறும்போது ரயர் அமுங்கிப் பாறையைப் பற்றிக்கொள்ளும். என்டியூரோ பைக் 100 கிலோவைத் தாண்டும். தாங்கியில் 8 அல்லது 9 லீற்றர் பெற்றோல் இருக்கும். பள்ளத்தில் விழுந்தெழும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் சஸ்பென்சன் 300 மில்லிமீற்றர் அளவுக்கு இறங்கியேறும். ட்ரையல்ஸ் பைக்கில் அது ஏறக்குறைய பாதிதான்.

இந்த வேறுபாடு இயற்கையில் அமைந்ததன்று. இருவேறு விதிகளுக்குப் பல தலைமுறைகளாகப் பணிந்து வந்ததன் விளைவு அது. ஒரு கருவியின் இயல்பு என்று இன்று தோன்றுவது பெரும்பாலும் அதன் வரலாறுதான். பின்னால் வரும் வாதத்துக்கு இது முக்கியமானது.

நீண்ட வழியில் நேர்வது

ட்ரையல்ஸ் பைக்கை நெடுந்தூரக் காட்டுவழிக்குக் கொண்டுபோகும்போது முதலில் களைப்பது மனிதர். இருக்கை இல்லாததால் முழுத் தூரமும் கால்மிதியில் நின்றே போகவேண்டும். முழங்கால் மடங்கி விரிந்து, இடுப்பு முன்னும் பின்னும் நகர்ந்து, கிளச்சின் மேல் ஒரு விரலும் பிறேக்கின் மேல் ஒரு விரலும் எந்நேரமும் காவல் இருக்கும். இரண்டு நிமிடத் துண்டுத் தரைக்கு ஏற்ற இந்த நிலை, இரண்டு மணி நேரத்தில் தொடையையும் முதுகையும் எரியவைக்கும். அடுத்துப் பெற்றோல் தீரும். கியர்கள் தாழ்ந்த வேகத்துக்கு அமைந்தவை. வெட்டவெளியில் வேகம் கூட்டினால் எஞ்சின் அலறும், வேகமோ கூடாது. கைப்பிடி விரைந்து திரும்பும்படி அமைந்திருப்பதால், வேகத்தில் சிறு கல்லும் முன்சக்கரத்தை இழுத்துவிடும்.

ஆனால் அதே இயந்திரம், மற்றவை நின்றுவிடும் இடத்தில் போகும். விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் ஏறி இறங்கும். தன் நீளத்துக்குள்ளேயே திரும்பும். சேற்றில் புதைந்தால் ஒருவரே தூக்கி எடுத்துவிடலாம். ஆகவே, தூரத்துக்கு ட்ரையல்ஸ் பைக் முற்றிலும் ஆகாது என்று சொல்லிவிட முடியாது. ஸ்கொட்லாந்தின் ஆறுநாள் ட்ரையல் இன்றும் நடக்கிறது. அதில் ட்ரையல்ஸ் பைக்கிலேயே ஒரு நாளில் 150 கிலோமீற்றர் வரை சதுப்பிலும் மலையிலும் சென்று, இடையிடையே 30 சோதனைத் துண்டுகளைக் கடக்கிறார்கள். மொன்டேசா நிறுவனம் பெரிய தாங்கியும் இருக்கையும் வைத்து 4ரைட் என்ற இடைநிலை பைக்கையே செய்தது. தூரம் செல்ல முடியும். என்டியூரோவின் வேகத்தில் செல்ல முடியாது. இந்தக் கேள்வியின் கணு இதுதான்.

மூன்று விடைகள்

கருவியின் தகுதி எங்கே இருக்கிறது என்பதற்கு மெய்யியல் மரபுகள் மூன்று வகையாக விடை தருகின்றன.

முதல் விடை அரிஸ்டோட்டிலுடையது. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய தொழில் உண்டு. அத்தொழிலை நன்கு செய்வதே அதன் சிறப்பு என்பது அவர் கொள்கை. அரசியல் என்னும் தம் நூலில் அவர் ஒரு செருப்பை எடுத்துக்கொள்கிறார். அதைக் காலில் அணியலாம், விற்றுப் பண்டமும் வாங்கலாம். இரண்டும் செருப்பின் பயனே. என்றாலும் அணிவதே அதற்குரியது, ஏனென்றால் விற்பதற்கென்று செருப்பு என்னும் பொருள் தோன்றவில்லை. இந்தக் கண்ணோட்டத்தில், ட்ரையல்ஸ் பைக்கில் நெடுந்தூரம் போவது கூடாத செயலன்று. ஆனால் அதற்கு உரியதும் அன்று.

இரண்டாம் விடை திருக்குறளுடையது. பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. செயலின் வலிமை, தன் வலிமை, எதிர் நிற்பதன் வலிமை, துணையின் வலிமை ஆகிய நான்கையும் தூக்கிப் பார்க்கச் சொல்கிறது முதலாவது. நிலத்தில் ஓடும் பெரிய தேர் கடலுக்கு ஆகாது, கடலில் ஓடும் நாவாய் நிலத்துக்கு ஆகாது என்னும் கருத்து மூன்றாவதில் வருகிறது. தேர் வலியது, நாவாயும் வலியது. ஆனால் இடம் மாறியதும் அவ்வலிமை பயன் தருவதில்லை. வள்ளுவர் பார்வையில் தகுதி என்பது பொருளுக்குள் அடைபட்ட குணம் அன்று. பொருளும் இடமும் காலமும் கூடும்போது உண்டாவது அது.

மூன்றாம் விடை பகவத்கீதையுடையது. பிறர் கடமையைத் திறம்படச் செய்வதைவிடத் தன் கடமையைக் குறையுடன் செய்வது மேல் என்று கண்ணன் அருச்சுனனுக்கு ஓரிடத்தில் சொல்கிறான். வெற்றியிலும் தோல்வியிலும் சமநிலை கெடாதிருப்பதே யோகம் என்று வேறோரிடத்தில் சொல்கிறான். இங்கே வினா கருவியைக் கடந்து செய்பவரிடம் போகிறது. உரிய கருவியைக் கையில் வைத்துக்கொண்டே தவறான மனத்தோடு செலுத்துபவர் உண்டு. பொருந்தாத கருவியிலும் நிலைகுலையாதவர் உண்டு.

இம்மூன்றும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. முதலாவது கருவியைப் பார்க்கிறது, இரண்டாவது சூழலைப் பார்க்கிறது, மூன்றாவது ஆளைப் பார்க்கிறது. எது முந்தியது என்பதில்தான் சிக்கல்.

வாவிக் கரையின் நடைமுறை

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் மேய்ச்சல் தரையும் காடுமாக விரிவது படுவான்கரை. ஊர்களும் கடைத்தெருக்களும் பெரும்பாலும் கிழக்கே, வயல்கள் மேற்கே. ஒரு கரையில் உறங்கி மறுகரையில் உழைக்கும் வாழ்க்கைக்கு மோட்டார் சைக்கிள் கை கால் போல ஆகிவிட்டது. இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்களே.

அவற்றில் ஏறக்குறைய எல்லாமே தார் வீதிக்குச் செய்யப்பட்டவை. அதே சைக்கிள்தான் பசளை மூடையைச் சுமந்து வரம்போரம் போகிறது, பட்டியிலிருந்து பால் கொண்டுவருகிறது, கடற்கரை மணலில் மீன்பெட்டியுடன் திணறுகிறது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்குகிறது. மாரியில், கார்த்திகை முதல் தை வரை, படுவான்கரையின் களிமண் வழி ரயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் அப்பிக்கொள்ளும். சக்கரம் சுழலாமல் நிற்கும். ஓட்டுபவர் இறங்கி, வேலியில் ஒரு கம்பை முறித்து, களியைத் தோண்டித் தள்ளிவிட்டு மறுபடி ஏறுவார். சிறிது தூரத்தில் மறுபடி அதே வேலை. கச்சான் காற்று வீசும் வெயில் மாதங்களில் அதே வழி புழுதியாகவும் பாளமாகவும் கிடக்கும்.

இலங்கையில் மண் ஓட்டப் போட்டி என்றால் தியத்தலாவையின் பொக்ஸ் ஹில் ஓட்டமும் அநுராதபுரம் சாலியபுரத்தின் கஜபா ஓட்டமும் நினைவுக்கு வரும். அவை வளைத்துக் கட்டிய களத்தில் நடக்கும் வேகப் போட்டிகள். வாவிக் கரையில் என்டியூரோ என்ற பெயரில்லாமல் நடப்பது வேறு. பொருந்தாத வாகனத்தில், முடிக்கவேண்டிய வேலையோடு, நாள்தோறும் கடினத் தரையைக் கடக்கும் ஓட்டம் அது. 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் கையில் இருந்ததைக் கொண்டே எல்லாம் நடந்தன. 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று பங்கிடப்பட்டபோது, எந்தப் பயணம் தேவையானது என்று ஒவ்வொரு வீட்டிலும் எண்ணிப் பார்க்கவேண்டியதாயிற்று.

தேர், நாவாய் பற்றிய வள்ளுவர் கருத்துக்கு வாவியின் துறைகள் ஒரு விளக்கவுரை. 2014இல் ஜப்பானிய உதவியுடன் பாலம் திறக்கப்படும்வரை மண்முனைத் துறையைக் கடக்க உதவியது, மக்கள் பாதை என்று அழைக்கும் தட்டையான மிதவைதான். குருக்கள்மடம் – அம்பிளாந்துறை, குறுமண்வெளி – மண்டூர் துறைகளும் பாதைக்குப் பேர்போனவை. மோட்டார் சைக்கிளில் வருபவர் துறையில் எஞ்சினை நிறுத்துகிறார். கியரை விடுவித்து, இடுப்பால் முட்டுக்கொடுத்துத் தட்டின் மேல் உருட்டி ஏற்றுகிறார். மறுகரை சேரும்வரை முன்பிறேக்கைப் பிடித்தபடி நிற்கிறார். நிலத்தில் அவரைச் சுமந்த வாகனத்தை நீரில் பாதை சுமக்கிறது. இடம் மாறும்போது கருவியின் வலிமை ஓய்கிறது. வேறொரு கருவியின் வலிமைக்கு அது தன்னை ஒப்புக்கொடுக்கிறது. இடனறிதல் என்பது போகாதே என்னும் தடையுத்தரவன்று, எந்த எல்லையில் எதைத் துணைக்கொள்வது என்னும் அறிவு என்பதைத் துறை காட்டித் தருகிறது.

கருவியும் உயிரும்

கருவிக்கும் அதைக் கொண்டு இயங்குபவருக்கும் உள்ள உறவைத் தமிழில் மிக நுட்பமாக ஆராய்ந்தது சைவ சித்தாந்தம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதமும் அதன் வழிவந்த நூல்களும், உயிருக்குத் தனு, கரணம், புவனம், போகம் என நான்கு கொடுக்கப்பட்டுள்ளன என்கின்றன. உடம்பு, அகப்புறக் கருவிகள், வாழும் உலகு, நுகரும் அனுபவம் ஆகியவை அவை. இவற்றை இறைவன் தருவது உயிர் அவற்றிலேயே தங்கிவிடுவதற்காக அன்று. அவற்றைப் பயன்படுத்திப் பக்குவம் பெறுவதற்காக. கருவியின் பயன் அது முடித்துத் தரும் வேலையோடு நின்றுவிடுவதில்லை, அதைப் பயன்படுத்தியவர் என்ன ஆனார் என்பதிலும் இருக்கிறது என்பது இதன் உட்கிடை.

உயிரின் இயல்பாகச் சித்தாந்தம் சொல்வது சார்ந்ததன் வண்ணமாதல். பளிங்கு அருகிலுள்ள பொருளின் நிறத்தைக் காட்டுவதுபோல, உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையை ஏற்கிறது. ட்ரையல்ஸ் ஓட்டுபவரிடம் இதைக் கண்ணால் காணலாம். பாறைக்கு முன் அவர் எஞ்சினை நிறுத்துகிறார். இறங்கி நடந்து, சக்கரம் பதியும் இடத்தைக் காலால் அழுத்திப் பார்க்கிறார். ஏறிய பிறகு மூச்சளவு பெற்றோலோடு ஊர்ந்து போகிறார். கால் ஊன்றத் துடிக்கும் உடம்பின் அச்சத்தை ஒவ்வொரு கணமும் அடக்கவேண்டியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படிப் பழகியவரிடம் பொறுமை இரண்டாம் இயல்பாகிவிடுகிறது.

அப்படிப் பெற்ற இயல்பு இயந்திரம் மாறினாலும் மாறுவதில்லை. ஒஸ்திரியாவின் எர்ஸ்பேர்க் இரும்புச் சுரங்க மலையில் 1995 முதல் நடக்கும் என்டியூரோ ஓட்டம் உலகின் மிகக் கடினமானவற்றில் ஒன்று. இறுதி ஓட்டத்தில் 500 பேர் புறப்படுகிறார்கள். நான்கு மணி நேரத்துக்குள் முடிப்பவர்கள் மிகச் சிலரே. 2007 முதல் 2011 வரை தொடர்ந்து ஐந்துமுறை அதில் வென்ற போலந்தின் டடி பிளாசூசியாக் ட்ரையல்ஸில் வளர்ந்தவர். பிறகு பலமுறை வென்ற பிரித்தானியர் கிரகம் ஜார்விஸும் அப்படியே. இருவரும் அங்கே ஓட்டியது என்டியூரோ பைக். என்டியூரோவின் வேகத்தில் ட்ரையல்ஸ் பைக் கடக்க முடியாத தூரத்தை ட்ரையல்ஸில் பெற்ற பயிற்சி கடந்தது. எது கடத்தத்தக்கது, எது கடத்தத்தகாதது என்னும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கருவி எல்லையில் நின்றுவிடும். கருவியால் விளைந்த பக்குவம் எல்லை தாண்டும்.

சித்தாந்தம் கூறும் பத்து நிலைகளான தசகாரியம் தத்துவ ரூபத்தில் தொடங்குகிறது. அதாவது, கருவிகளை அவை உள்ளபடி அறிவதே முதற்படி. பிறகுதான் அவற்றின் தன்மையைத் தெளிவதும் அவற்றிலிருந்து தன்னைப் பிரித்தறிவதும். கருவியை அறியாதவர் அதைத் தானென்று மயங்குவார். தன் இயந்திரத்தால் முடியாததைத் தன் மானக் குறைவாக எண்ணி அதை வதைப்பவரும், அதன் வலிமையைத் தன் வலிமையாக எண்ணிச் செருக்குபவரும் இந்த மயக்கத்தில் இருப்பவர்களே.

தடையை விரும்பி ஏற்றல்

பொருத்தமான இயந்திரம் இருக்கையில் பொருந்தாததைத் தேர்ந்து துன்பப்படுவானேன் என்று கேட்கலாம். கனடாவில் பணியாற்றிய மெய்யியலாளர் பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் வெளியிட்ட வெட்டுக்கிளி என்னும் நூலில் இதற்கு ஒரு விடை உண்டு. தேவையில்லாத தடையைத் தானாக விரும்பி ஏற்று அதைக் கடக்க முயல்வதே விளையாட்டு என்பது அவர் வரைவிலக்கணம். பாறையைச் சுற்றிப் போகலாம், காலை ஊன்றலாம். இரண்டையும் துறந்தால்தான் ட்ரையல்ஸ்.

சமய வாழ்விலும் இத்தகைய விரும்பி ஏற்ற தடைகள் உண்டு. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வேலோடு புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரை கிழக்குக் கரை வழியே மாமாங்கம், திருக்கோவில், உகந்தை கடந்து காட்டுக்குள் நுழைகிறது. கதிர்காமம் சேர ஒன்றரை மாதத்துக்கு மேலாகும். பேருந்தில் போனால் ஒரே நாள். வாவியின் மேற்குக் கரையில் சின்னக் கதிர்காமம் எனப்படும் மண்டூர் முருகன் கோயிலில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமின்றிப் பூசை செய்கிறார். ஒன்றில் காலுக்கு வாகனம் மறுக்கப்படுகிறது, மற்றதில் வாய்க்குச் சொல் மறுக்கப்படுகிறது. எளிய வழி அடைக்கப்பட்டதால் கவனம் ஓரிடத்தில் குவிகிறது.

ஆயினும் விளையாட்டையும் நேர்த்திக்கடனையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஓட்டத்தின் தடை அந்தத் துண்டுத் தரை முடிந்ததும் முடிந்துவிடும். தோற்றால் 5 புள்ளி, அவ்வளவே. நேர்த்தியின் தடை இன்னொருவர் முன்னிலையில் கொடுத்த வாக்கு. அதில் நடப்பவர் தன் திறமையை நிறுவ நடக்கவில்லை. நோயுற்ற பிள்ளைக்காகவோ காணாமற்போன உறவுக்காகவோ நடக்கிறார். படுவான்கரை உழவர் களியில் படும் பாடு இவ்விரண்டிலும் சேராது. அவர் அந்தத் தடையைத் தேர்ந்தெடுக்கவில்லை. பொழுதுபோக்குக்காகச் சேற்றைத் தேடிப்போகும் எவரும் இந்த வேறுபாட்டை நினைவில் வைப்பது அறம்.

தன்னறம் எதுவரை

கீதை சொல்லும் தன்னறக் கருத்தை இயந்திர உவமையால் விளக்குவது எளிது: ட்ரையல்ஸ் பைக்கின் அறம் நிதானம், என்டியூரோ பைக்கின் அறம் தூரம், ஒன்று மற்றதன் வேலைக்குப் போகக்கூடாது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இந்த உவமையை அப்படியே மனிதருக்கு நீட்டி, இன்ன குலத்தில் பிறந்தவர் இன்ன தொழிலுக்கே உரியவர் என்று வாதிட்டவர்கள் உண்டு. இயந்திரத்தின் நோக்கத்தை அதைச் செய்தவர் முன்கூட்டியே முடிவுசெய்தார். மனிதரின் நோக்கம் அப்படிப் பிறப்பில் வார்க்கப்பட்டதன்று. இயந்திரத்திலேயேகூட இயல்பு என்பது நூறாண்டு வரலாற்றில் உண்டானது என்பதை மேலே கண்டோம். அப்படியிருக்க, மனிதரை ஒரு தொழிலுக்குள் பூட்டிவைக்க இந்த உவமையால் நியாயம் கிடைக்காது.

இதற்குச் சான்று வாவிக் கரையிலேயே இருக்கிறது. 1892இல், அன்றைய மட்டக்களப்பின் தென்பாகமாயிருந்த காரைதீவில் பிறந்த மயில்வாகனம் விஞ்ஞானம் படித்தவர், விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர். 1924இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். வழக்கொழிந்த யாழின் அமைப்பையும் பண்டைத் தமிழிசையின் முறையையும் கணித, ஒலியியல் அறிவைக் கொண்டு மீட்க முயன்ற அவருடைய யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். கணிதம் என்னும் கருவியை இலக்கியத்துக்குள் கொண்டுபோனதால் அது இடம்மாறிய கருவி ஆகிவிடவில்லை. இரண்டின் எல்லையையும் அவர் முழுதாக அறிந்திருந்தார், இரண்டிலும் உழைத்தார். கல்லடி உப்போடையில் 1929இல் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் அந்த உழைப்பின் கண்கண்ட சான்றாக நிற்கிறது.

ஆகவே தன்னறம் என்பதை இப்படிக் கொள்வதே பொருந்தும்: ஒருவர் எதைத் தொட்டாலும், தொட்டதன் இயல்பை அறியும் கடமையோடு தொடவேண்டும். எல்லை தாண்டுவது குற்றமன்று. எல்லை இருப்பதை அறியாமல் தாண்டுவதே குற்றம்.

தரையின் பங்கு

கருவி, இடம், ஆள் என்ற மூன்றைப் பற்றிய வாதத்தில் இடம் பெரும்பாலும் வெறும் களமாகவே கருதப்படுகிறது. அதற்கும் ஓர் உரிமை உண்டு. என்டியூரோ ரயரின் கட்டைகள் ஆழமானவை. வேகத்தில் சுழலும்போது ஈரமண்ணைப் பிய்த்தெறியும். ட்ரையல்ஸ் பைக்கிலோ தாழ்ந்த காற்றும் தாழ்ந்த வேகமும் சேர்ந்து தரைக்கு நேரும் சேதத்தைக் குறைக்கின்றன. இந்த ஒரு வகையில் ட்ரையல்ஸ் பைக் மென்மையானது. ஆனால் அதே பைக்கை என்டியூரோவின் அவசரத்தோடு முறுக்கினால் அந்த மென்மை போய்விடும்.

வாவிக் கரையில் இது சிறிய செய்தியன்று. வாவியோரக் கண்டல்களின் வேர்ச் சேற்றில் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. வாவியில் வலைவீசுவோரின் வருவாய் அந்தச் சேற்றிலிருந்து தொடங்குகிறது. வயல்வரம்பு ஒரு குடும்பத்தின் நீர்க்கணக்கு. அதன் மேல் ஒரு சக்கரம் பதிந்து உடைத்தால் விதைப்புக் காலத்தில் ஒரு வயலின் நீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். மேய்ச்சல் தரையில் அலறும் எஞ்சின் கன்றையும் தாயையும் பிரிக்கும். கொல்லாமை என்னும் அறம் உயிரைப் பறிக்காதிருப்பதோடு முடிவதில்லை. பிற உயிர்கள் நின்று வாழும் நிலத்தைக் கெடுக்காதிருப்பதும் அதன் பகுதியே.

முடிபு

ட்ரையல்ஸ் மோட்டார் சைக்கிளில் என்டியூரோ வழியைக் கடக்கலாமா என்ற கேள்விக்கு, வலி, காலம், இடம் என்ற வள்ளுவர் வரிசையே போதிய விடை தருகிறது. வலியறிந்தவர் தாங்கியில் பாதிப் பெற்றோல் தீருமுன் திரும்பிவிடுவார், என்டியூரோவின் நேரக் கணக்கை அந்த இயந்திரத்தின் மேல் சுமத்தமாட்டார். காலமறிந்தவர் மாரியில் வயல்வழியை விட்டுவிடுவார், கன்று ஈனும் காலத்தில் மேய்ச்சல் தரையை விட்டுவிடுவார். இடமறிந்தவர் கண்டலுக்குள்ளும் பிறர் வரம்பின் மேலும் சக்கரம் வைக்கமாட்டார். இம்மூன்றுக்கும் உட்பட்டு மெல்லப் போகும் பயணம் தக்கதே. அந்த இயந்திரம் தன் இயல்பிலேயே கற்றுத்தரும் பொறுமையை அது வளர்க்கும். வேகத்தையும் தூரத்தையும் விரும்புபவர் அதற்கென்று செய்யப்பட்ட பைக்கை நாடுவதே கருவிக்கும் தமக்கும் செய்யும் நீதி.

கருவிக்கு அதைச் செய்தவர் வகுத்த எல்லை உண்டு. மனிதருக்கு அறிவாலும் அருளாலும் அன்றி வேறு எல்லை இல்லை. இந்த இரண்டையும் குழப்பாதவரே நல்ல ஓட்டுநர்.